ஜொகூர் லாமா கோட்டை மேடு

ஜொகூர் லாமாவில் மகளின் காரை விட்டு இறங்கியதும் ஆற்றுச் சேற்றின் உப்பு வாடை அடித்தது. இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தேன், கண் எரிந்தது.

சிறுமியாக இங்கு வந்தபோதும் இதே வாடைதான். அப்பா செடெனாக் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டினார். போர்த்துகீசியர்கள் இடித்த கோட்டையைக் காட்டுகிறேன் என்று அம்மாவையும் என்னையும் தோட்டத்து லோரியில் அழைத்து வந்தார். வந்ததும் மரத்தடியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். நான் உலுக்கப் போனேன்.

“எழுப்பாத. அவரு பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல,” என்றார் அம்மா.

நாங்கள் இருவரும் ஏறினோம். மேலே கோட்டை இல்லை. புல் மூடிய மண்மேடுதான். எனக்கு அழுகை வந்தது.

லோரி ஹார்ன் கேட்டு அப்பா பதறி எழுந்தார். “அடடா, தூங்கிட்டேனா? கோட்ட எப்படிம்மா இருந்துச்சு?”

அம்மா என்னையே பார்த்தார்.

“ரொம்பப் பெருசுப்பா!”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “அடுத்த தடவ நானும் ஏறிப் பாக்கணும்.” அது அவருக்கு வாய்க்கவேயில்லை.

இப்போது எனக்கு முன்னே மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்த மகள், “வெறும் மண்ணு லா. நீங்க கார்ல போய்ப் படுங்கம்மா,” என்றாள்.

“பரவால்ல, ஏறலாம்,” என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.