குஞ்சம்மாளின் மூன்று சென்ட்

குஞ்சம்மாளுக்கு அரசாங்கம் கொடுத்த மூன்று சென்ட் மனையைப் பார்த்துவிட்டு ஊரே சிரித்தது. சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை இறங்கிவந்து வயலைத் தொடுகிற இடத்தில் எங்கள் ஊர். மனை ஊருக்கும் வெளியே, ஓடைக்கரையில். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குச் செம்மண் கிராவல் மேடு, மறுபக்கம் சரிவு. ஆடு நிற்பதற்கே யோசிக்கும் என்று கிண்டல் செய்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் இருந்த குடிசை, நிலத்துக்காரர் ஒருவரின் களத்து ஓரத்தில் இருந்தது. அந்த வருஷம் அவர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஐப்பசி மழைக்குள் மனையில் சுவர் எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்தில் கத்தி பிடித்துத்தான் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். மேஸ்திரி ஏதாவது தில்லுமுல்லு செய்தால் அவன் பரம்பரையையே தெருவுக்கு இழுத்துவிடுவாள். அவளைப் போய் ஒருவன் ஏமாற்றினான் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேட்டை வெட்டிச் சரிவில் தள்ளி மனையைச் சமப்படுத்த ஜேசிபி வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒருத்தர் வந்தார். டேப் பிடித்து அளந்தார். எவ்வளவு ஆழம் வெட்டுவேன், எவ்வளவு உயரம் நிரப்புவேன் என்று விளக்கமாகச் சொன்னார். குஞ்சம்மாள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"வெளியாளு எதுக்கு? நம்ம பூமாலை இருக்கறான்ல?" என்றாள்.

பூமாலை எங்கள் தெருக்காரன். ஒரு காலத்தில் அவளோடு கரும்பு வெட்டியவன். அவன் காய்ச்சலில் கிடந்தபோது அவன் வரிசையையும் சேர்த்து இவளே வெட்டிக் கட்டியிருக்கிறாள். பிறகு டிரைவராகி, தவணையில் சொந்தமாக ஜேசிபியும் டிப்பர் லாரியும் வாங்கி, சட்டைப் பையில் ரெண்டு போனோடு திரிந்தான். அவளை வாய் நிறைய அத்தை என்று கூப்பிடுவான்.

"உங்களுக்குச் செய்யாம யாருக்கு அத்த செய்யப் போறேன்? பலகையாட்டம் ஆக்கித் தரேன் பாருங்க."

மனையில் பூஜை போட்டார்கள். தேங்காய் உடைத்து, ஜேசிபி வாளிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். முதல் வாளி மண்ணை அள்ளியபோது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று சாயந்திரமே அவள் கொழுந்தன் ராஜாங்கம் மாரடைப்பில் இறந்துவிட்டான்.

பங்காளி வீட்டுச் சாவு என்றால் தீட்டு. எங்கள் பக்கத்தில், பூஜை போட்ட மனையில் தீட்டோடு யாரும் கால் வைக்க மாட்டார்கள். கருமாதி முடிந்து தலை முழுகிய பிறகுதான். வேலையை நிறுத்திவைக்கலாமா என்று அவள் யோசித்தாள். பூமாலை ஓடிவந்தான்.

"எனக்கு இன்னா தீட்டு? நான் வேலைய முடிச்சிடறேன். நீங்க மட்டும் அந்தப் பக்கம் வராதீங்க அத்த. மனைக்கு ஆவாது."

தன் வீட்டின் நல்லது கெட்டதில் அவனுக்கு இவ்வளவு அக்கறையா என்று அவள் நெகிழ்ந்துபோனாள். கருமாதி வரைக்கும் சாவு வீடே கதி என்று கிடந்தாள். சாவு வீட்டு வாசல் மழைச் சேறாக இருந்தது. ஒரு காலையில் அங்கே சிவப்புக் கிராவல் கொட்டி நிரவியிருந்தது. பந்தலுக்காக என்றான் ராஜாங்கத்தின் மகன் தங்கதுரை. "நல்ல மண்ணா பாத்துத்தான் போட்டுக்கீற" என்று அவனைப் பாராட்டிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்து செத்தவனுக்காக மாரடித்து அழுதாள்.

கருமாதி முடிந்த மறுநாள் மனைக்கு ஓடினாள். மேடு இல்லை, சரிவு இல்லை. மேலே சிவப்பாக, வழவழவென்று, உண்மையாகவே பலகை மாதிரி இருந்தது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. மருமகனுக்குத் தீபாவளிக்கென்று எடுத்துவைத்திருந்த வேட்டியைப் பூமாலைக்குக் கொடுத்தாள். அவனும் கூசாமல் வாங்கிக்கொண்டான்.

கடைக்கால் தோண்ட வந்த கொத்தனார் சுப்புராயன் கடப்பாரையை ஒரே ஒரு குத்து குத்தினார். அது சேற்றில் இறங்குவதுபோல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. தோண்டத் தோண்டக் கருப்பு ஏரிச் சேறு வந்தது. சூளைக் கழிவு, உடைந்த ஓடு, பிளாஸ்டிக் பை எல்லாம் வந்தது. நாற்றத்துக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தோண்டினார். அவர் தலை மறைகிற ஆழத்திலும் கெட்டித்தரை தட்டுப்படவில்லை.

"உன் கிராவல அடியோட வாரிக்கினு பூட்டான்மா. குப்பையக் கொட்டி மேல மட்டும் மொழுவி வெச்சிருக்கறான். இதும்மேல செவுரு வெச்சா மொத மழைக்கே பொளந்துக்கும்."

மலையடிவாரத்தில் அப்போது புது ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மண் அங்கே போயிருந்தது. டிப்பர் போனதை ஊரில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். அவளே விற்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்களாம். அவளுக்குச் சட்டென்று சாவு வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. நேராகப் போய் ஒரு பிடி அள்ளித் தங்கதுரையின் முகத்துக்கு எதிரே நீட்டினாள்.

"ரெண்டு டிப்பர் சும்மா போட்டான் பெரிம்மா. உங்க மண்ணுன்னு தெரியும். சாவு வூட்டுல எப்டிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்" என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

அவன் அப்பனுக்காகத்தான் அவள் அந்த மண்ணின்மேல் உட்கார்ந்து அழுதாள். இதற்குமேல் ஒரு மனுஷியை எப்படிக் கேவலப்படுத்துவது?

பூமாலையை ரோட்டு வேலை நடக்கிற இடத்தில் பிடித்தாள்.

"இன்னா அத்த, மண்ணுதானே? மேல சமமாத்தானே கீது?" என்று சிரித்தான்.

"தீட்டோட வராதன்னு சொன்னியே, அது என் மனைக்காகவா, உன் டிப்பருக்காகவா?"

சிரிப்பு நின்றது. அவள் வாயைத் திறந்தால் என்னவாகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி நடந்துவிட்டாள். சேற்றை வாரிவிட்டு நல்ல மண் போட்டுத் தருகிறேன் என்று முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னான். நாளைக்கு, நாளை மறுநாள் என்று இழுத்தடித்தான். ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. நிலத்துக்காரர் குடிசையைப் பிரித்துப் போட்டார். மகள் வந்து கூப்பிட்டாள். சம்பந்தி வீட்டுச் சோறு இறங்காது என்று குஞ்சம்மாள் மறுத்துவிட்டாள். மனை ஓரத்தில் நான்கு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டிக்கொண்டாள். மழையில் அவள் மனையின் நடுப்பகுதி மெல்ல உள்வாங்கிக் குட்டையானது.

தை பிறந்த பிறகுதான் பூமாலையின் ஜேசிபி வந்தது. அதுவும் ஊரார் நாலு பேர் போய் நெருக்கியதால். குஞ்சம்மாள் குட்டையின் விளிம்பில் போய் நின்றுகொண்டாள். ஒவ்வொரு வாளியையும் கண் கொட்டாமல் பார்த்தாள். வெயில் ஏறியது. அவள் நகரவில்லை. பூமாலைக்கு அவள் பார்வையைத் தாங்க முடியவில்லை போலும். இஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க அத்த? வூட்டுக்குப் போங்க."

"எந்த வூட்டுக்குடா?" என்றாள் குஞ்சம்மாள்.