சந்தனம் பூசிய கழுகு

முதன்முதலில் அந்தக் கழுகைப் பார்த்தபோது அது கண்ணாடி என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு வீட்டில், கன்று குறுக்கே கிடந்ததால் பசு ஈன முடியாமல் தவித்தது. கால்நடைக் கல்லூரியில் என்னோடு வேலை பார்த்த மேடம், தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி உயிரோடு எடுத்தார். கை கழுவ உள்ளே போனவர் சாமி மாடத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

சந்தனமும் குங்குமமும் அப்பிய ஒரு கழுகுத் தலை. அந்த வீட்டு அக்கா அதைக் கருடாழ்வார் என்று கும்பிட்டு வந்தார். அவருடைய மாமனார் ஒரு பெரிய பண்ணையில் கார் ஓட்டியவர். காரை விற்றபோது முதலாளி கழற்றிக் கொடுத்தது அது.

மேடத்துக்கு அதில்தான் பித்து. அந்தக் காலத்துக் கார்களின் மூக்கில், ரேடியேட்டர் மூடியின் மேல் நிற்குமே, அந்தக் கண்ணாடி உருவங்களை எங்கெங்கிருந்தோ தேடிச் சேர்ப்பார். தஞ்சாவூரில் அவர் வீட்டு ஜன்னலில் ஒரு சேவல், ஒரு தும்பி, பிடரி பறக்கும் ஒரு குதிரை. காலை வெயில் அவற்றுக்குள் நுழைந்து வந்தால் கூடமே ஆற்றுக்கு அடியில் கிடப்பதுபோல் இருக்கும். கழுகு மட்டும் அவருக்கு அகப்படவேயில்லை.

"வச்சுக்குங்க டாக்டரம்மா. எங்க லட்சுமிய மீட்டுக் குடுத்திருக்கீங்க" என்று அந்த அக்கா அதை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத்தான் மேடம் வாயைத் திறந்தார். கை வாங்கிக்கொண்டது. நடவு முடிந்த வயல்களின் தண்ணீரில் வானம் கூடவே வர, திரும்பும் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தார்.

பொங்கல் கழிந்து ஒருநாள், கையில் கதம்பச் சரத்தோடு அந்த அக்கா பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன். திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம்.

"ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேங்க. மாடம் வெறிச்சுன்னு கெடக்கு."

மேடம் ஜன்னலைக் காட்டினார். கழுவித் துடைத்த கழுகை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கிட்டே போனார். அதன் வழியே விழுந்த வெளிச்சம் சுவரில் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் கையை நீட்டினார்.

"இம்புட்டு வெளிச்சத்தையா நான் மூடி வச்சிருந்தேன்?"

மேடம் கழுகைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். "உங்க வீட்டுலயே இருக்கட்டும்க்கா. பாக்கணும்னா நான் வர்றேன்."

சொன்னபடியே போய்வந்துகொண்டிருக்கிறார். போன மாதம் நானும் கூடப் போனேன். கழுகு இப்போது மாடத்தில் இல்லை, வாசல் பார்த்த ஜன்னலில் இருக்கிறது. சந்தனப் பொட்டு அடிப்பீடத்தில் மட்டும். இருவரும் தரையில் உட்கார்ந்து, காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல், சுவரையே பார்த்திருந்தார்கள். நேரமாகிறது என்று நான் எழுந்தேன்.

"செத்த இருங்க" என்றார் அந்த அக்கா, திரும்பாமலே. "இப்பதான் வெயில் ஏறுது."