படுத்துக்கிடந்த எஞ்சினும் நான் கழற்றிய தகரமும்

மந்தாரக்குப்பத்தில் ரெண்டு பட்டறை, வடலூர் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை, மாடி வைத்த வீடு. எல்லாம் இந்த ரெண்டு கையால் ஆனது. பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. குள்ளஞ்சாவடிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் என் அப்பாவும் அம்மாவும். உட்காரச் சொல்லி எனக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் பட்டறைக்கு ஒரு புதுக் கார் வந்தது. பானட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. எஞ்சின் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இடுக்கில் கையை விட்டேன், மணிக்கட்டில் தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்தச் சிவப்புக் கார் ஞாபகத்துக்கு வந்தது.

எழுபதுகளின் கடைசி அது. நிலக்கரிச் சுரங்கத்து வண்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் நான் கான்ட்ராக்ட் ஆள். எஞ்சின்மேல் படியும் நிலக்கரித் தூளைத் துடைப்பது வேலை. ஸ்பேனரைத் தொடுவது பர்மனென்ட் ஆட்களின் பாத்தியதை. ஃபோர்மேன் ஈரோட்டுச் சிவசாமி நல்ல மனுஷர். டீ வாங்கித் தருவார், ஸ்பேனர் தரமாட்டார்.

சுரங்கத்து மெஷின் வேலைக்கு வந்து ஊருக்குத் திரும்பிப்போன ஒரு ஜெர்மன்காரர், தன் ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை மதுரைக்கார இன்ஜினியர் ஒருவருக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோர்மேன் அந்த இன்ஜினியர் குவார்ட்டர்ஸுக்குப் போய் அதைப் பழுது பார்ப்பார். துடைக்க ஆள் வேண்டுமே, என்னையும் கூட்டிப்போவார்.

முன்னால் திறந்தால் பெட்ரோல் டேங்கும் ஸ்டெப்னியும் இருக்கும். எஞ்சின் பின்னால். அதுவும் நம் லாரி எஞ்சின் மாதிரி நிமிர்ந்து நிற்காது. நாலு சிலிண்டரில் ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம், காலை நீட்டிப் படுத்த மாதிரி கிடக்கும். கனமெல்லாம் கீழே இருப்பதால் வண்டி வளைவில் சாயாது. தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. ஒரு ஃபேன் மேலிருந்து காற்றை ஊதும், அவ்வளவுதான். கழற்றுவது அதைவிடச் சுலபம். நாலு போல்ட்டு, ஆக்ஸிலேட்டர் கேபிள், பெட்ரோல் ட்யூப், ரெண்டு மூணு ஒயர். அடியில் ஜாக்கி கொடுத்து இறக்கினால் அரைமணியில் எஞ்சின் தரையில். பிளக்கு மட்டும் வம்பு. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் மாட்ட வேண்டும். எனக்கு அதில் கஷ்டமில்லை. படித்துப் பார்த்துச் செய்கிற பழக்கம் எனக்கு எப்போது இருந்தது?

எஞ்சினைச் சுற்றித் தகடு தகடாகத் தகரம் அடைத்திருக்கும். சித்திரை வெயில். சட்டையைக் கழற்றினால் நமக்குக் காற்று வருகிறதே, எஞ்சினுக்கு வராதா என்று நினைத்தேன். ஃபோர்மேன் சாப்பிடப் போன நேரத்தில் அத்தனையையும் கழற்றிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தவர், இதுவும் நல்லதுதான் என்றார். இதை அவர் பிற்பாடு மறந்துபோனார்.

அன்றைக்கே வண்டி வடலூரில் நின்றது. எண்ணெய் கருகிய நாற்றம், பக்கத்தில் நிற்க முடியாத சூடு. லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். மறுநாள் முதல் ஷெட் முழுக்க நான் ‘தகரம் கழட்டினவன்’.

இன்னொரு தரம் நின்றால் வண்டி காயலான் கடைக்குத்தான் என்றார் இன்ஜினியர். என்னை ஷெட்டிலிருந்தும் எடுத்துவிட்டு, நிலக்கரி அள்ளுகிற இடத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார் ஃபோர்மேன். ஒரே ஒரு ஞாயிறு கேட்டு அவர் பின்னாலேயே நடந்தேன். என்ன தோன்றியதோ, சரி என்றார்.

எஞ்சினை ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடியில் பிடித்தேன். பக்கத்திலேயே பெட்ரோல்! அந்த வயதில் பயம் எங்கே தெரிந்தது?

“ஏன்டா, எஞ்சினுக்குப் பூசை போட்டாத் தீந்துபோகுமா?” என்றார் ஃபோர்மேன்.

“பூசை இல்லீங்க. பொகை எங்க போவுதுன்னு பாத்துக்கினு இருக்கறன்.”

புகை அடியில் நிற்கவில்லை. தகரம் இல்லாத இடுக்கு வழியாக ஏறி, மேலே ஃபேனுக்குள் போனது. அப்போதுதான் புரிந்தது: எஞ்சின் தான் விட்ட சூட்டையே திரும்பக் குடித்துக்கொண்டிருக்கிறது. கீழே உள்ள சூடு மேலே வராமல் தடுக்கத்தான் அந்தத் தகரம். சிலிண்டர் இடுக்கில் அப்பியிருந்த தூளை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தேன், தகடுகளைத் திரும்ப மாட்டினேன். மறுபடி ஊதுபத்தி பிடித்தால், புகை கீழேயே தங்கியது.

அன்று சுரங்க ஓரத்துப் பழைய ரோட்டில் கடலூர் வரை போய்த் திரும்பினார் இன்ஜினியர். எங்கும் நிற்கவில்லை. இறங்கியதும் ஃபோர்மேன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சிவசாமி, நீங்க இல்லேன்னா இத வித்துருப்பேன்.”

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஷெட்டில், ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்பேனரை என் கையில் வைத்தார். நானும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். அது என் தப்பு.

இன்ஜினியரோடு காரும் மாற்றலாகிப் போனது. அந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். கார் ஓடிய ரோட்டையும் சுரங்கம் விழுங்கிவிட்டது. இப்போது அங்கே போய் நின்றால் பள்ளம்தான், எதிரே காற்றுதான். ஃபோர்மேனும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரிட்டையர் ஆனவர்கள் கூடினால் ‘சிவசாமி சரிபண்ணின கார்’ என்று இன்னும் பேசுகிறார்கள், கழற்றியவன் என்று என்னைக் காட்டிச் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். கழற்றியது நான்தான். கண்டுபிடித்து மாட்டியதும் நான்தான். இனிமேல் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ரெண்டையும் என் பேரிலேயே சொல்லுங்கள்.