வராத கடைசி ரீல்

மிளகாய் வற்றலைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது கருப்பையா அண்ணனின் மனைவி போன் செய்தார். "ஒங்க அண்ணன் போயிட்டாக தம்பி" என்றார். முந்திய நாள் மாலைதான் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பார்த்ததோடு நிற்காமல் ஒரு பொய்யும் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அண்ணன் எனக்குப் பங்காளி, எங்கள் ஊரான சிக்கலில் பக்கத்து வயல்காரர். பிள்ளை கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வெளிநாட்டுப் படங்களின் மேல் அவருக்குப் பைத்தியம் பிடித்தது. எங்கள் பக்கம் கண்மாய்க் கரையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். வேலை முடிந்ததும் இருவரும் அங்கே உட்கார்ந்து பார்ப்போம். நான் பி.ஏ. ஆங்கிலம் என்பதால் இடையிடையே வரும் எழுத்துகளைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. "விறுவிறுன்னு படிக்காத, அந்தப் பொம்பள மூஞ்சியப் பாக்க விடு" என்று அதட்டுவார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஊமைப்படம் பார்த்தோம். கடலுக்குப் போன தம்பிக்காக அக்கா கரையில் காத்திருக்கிறாள். தூரத்தில் ஒரு படகு தெரிகிறது. அதோடு படம் நின்றுவிட்டது. கடைசி ரீல் அழிந்துவிட்டது, உலகில் எங்கும் பிரதி இல்லை என்று கீழே ஆங்கிலத்தில் குறிப்பு இருந்தது.

"ஏலே, என்ன போட்ருக்கான்?" என்றார்.

அண்ணனின் தம்பி பாம்பனில் படகேறிப் போய்த் திரும்பாதவர். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்த் தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும் அண்ணன், தம்பி பெயரை மட்டும் சொல்ல மாட்டார். "செத்தத யாரு பாத்தா?" என்பார். அவரிடம் எப்படிச் சொல்வது? "மிச்சத்தப் பெறகு போடுவாகளாம்ணே" என்றேன். கோழைத்தனம்தான், வேறென்ன? அன்றிலிருந்து தினமும் கரையேறி அந்த இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துருச்சா?" என்றார்.

"வந்துருச்சுண்ணே. படகுல தம்பிதான் வாரான்."

"போட்டுக் காட்டு."

"இங்கன சிக்னல் இல்லண்ணே." ஊரில் எதற்கெடுத்தாலும் நாங்கள் சொல்லும் சாக்கு, வாயில் தானாக வந்துவிட்டது.

தலைமாட்டில் கிடந்த தன் போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் முழுதாக இருந்தது. போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் கிளம்பும்போது சொன்னார்: "எனக்கு எறைக்கிறப்ப, அவனுக்கும் சேத்து எறச்சிரு."

அண்ணே, அந்தப் படகில் யார் வந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைசி ரீல் இல்லை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். ராமேஸ்வரத்தில் இரண்டு பேர் பெயரையும் சொல்கிறேன். போய் வாருங்கள்.