சர்ச்சுக்குப் பின்னால் ஒன்பது கூடைகள்

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பெல்டன் ஊரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் தபால் கட்டோடு வந்த வெய்ன் கொஸ்கெலா, கட்டை மேசைமேல் வைத்த பிறகும் கிளம்பாமல் நின்றார். ஆர்டிஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய அக்கா ஜோலீனின் கணவர் அவர். இருபத்தாறு வருடமாக அதே தெருக்களுக்குத் தபால் கொண்டுபோகிறவர். எந்தக் கடையிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்று அவள் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை இருக்கா?" என்று கேட்டார்.

"சர்ச் முடிஞ்சா ஒண்ணுமில்ல. ஏன்?"

"என்கூட ரெண்டு மூணு மைதானம் வந்து பாக்கணும்."

தட்டு வீசும் ஆட்டத்துக்கான மைதானத்தைத்தான் சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். வெய்ன் வேறு எந்த மைதானத்தைப் பற்றியும் பேசியதில்லை. "எனக்கு ஒரு தட்டுகூட நேரா வீசத் தெரியாதே," என்றாள்.

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

"பதினெட்டு வருஷமா லீக் நடத்தற மனுஷன், கண்ணாடி விக்கிறவகிட்ட வந்து மைதானம் கேக்கறியா? உன் ஆளுங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

"போகட்டும்." அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஜோலீன் வரேன்னு சொல்லியிருக்கா. ஒரே ஒரு தடவை. பிடிக்கலன்னா அதுக்கப்புறம் எங்கேயும் கூப்பிடாதேன்னுட்டா."

ஆர்டிஸ் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள். அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்த பிறகு, மருத்துவமனைக்குப் போவதற்குத் தவிர ஜோலீன் வாசலைத் தாண்டியதில்லை.

"அப்ப உனக்குத் தெரிஞ்ச நல்ல மைதானமா ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போயேன்."

"எனக்குத் தெரிஞ்ச நல்ல மைதானத்துக்குத்தான் போன தடவை கூட்டிட்டுப் போனேன்."

ஆர்டிஸ் பதினொன்றரைக்கு வரச் சொன்னாள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

வெய்னைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவருடைய வழியில் உள்ள அத்தனை நாய்களின் பெயரும் அவருக்குத் தெரியும் என்பது ஒன்று. வியாழக்கிழமை மாலை அவரை வேறு எதற்கும் கூப்பிட முடியாது என்பது இன்னொன்று. வியாழன்தோறும் ஆக்ஸ் ஹாலோ காட்டில் லீக் ஆட்டம். கையகல பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும், அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும், கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் போட வேண்டும். எவ்வளவு குறைந்த வீச்சில் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. பனிக்காலத்தில்கூட அவர்கள் நிறுத்துவதில்லை. புதைந்தால் கண்டெடுக்க வசதியாகத் தட்டின் அடியில் நீளமான சிவப்பு நாடாவை ஒட்டிக்கொண்டு, முழங்கால் பனியில் ஆடுவார்கள். வெய்ன் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஆனால் வழியில் சாய்ந்த மரத்தை வெட்டுவது, தட்டு வீச நிற்கும் மேடையில் பனியைத் தள்ளுவது, கண்டெடுத்த தட்டின் பின்னால் எழுதியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து உரியவரிடம் சேர்ப்பது எல்லாம் அவர்தான். வருத்தமோ கோபமோ அவர் முகத்தில் தெரிந்து ஆர்டிஸ் பார்த்ததில்லை. அதனாலேயே கடையில் அவர் தொப்பியைக் கழற்றியது அவள் மனதில் தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் முதலில் வண்டியை விட்டது ஆக்ஸ் ஹாலோவுக்கு. இங்கே எதற்கு என்று ஆர்டிஸ் கேட்டாள். சும்மா ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். மரநிழலில் பழைய பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. நான்காவது கூடைக்கு வீசும் மேடையில் போய் நின்றார். கீழே பள்ளத்தில் குளம். அதைத் தாண்டித்தான் கூடை. பார்க்க அழகான இடம். படம் எடுக்க வெளியூர்களிலிருந்தும் வருவார்கள்.

அங்கே நின்றுதான் பதினோரு வருடத்துக்கு முந்தைய கதையைச் சொன்னார். ஜோலீன் தன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறேன் என்றதும், இருப்பதிலேயே சிறந்த மைதானத்தைக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இருப்பதிலேயே சிறந்த தட்டையும் கொடுத்தார். விளிம்பு மெலிந்த, வேகமான தட்டு அது. பழகிய கையில் முந்நூறு அடி பறக்கும். பழகாத கையில் கிளம்பின உடனே இடப்பக்கம் சாய்ந்து விழும். அந்த மேடைக்கு இடப்பக்கம் குளம். மூன்று தட்டுகள் தண்ணீருக்குள் போயின. பின்னால் லீக் ஆட்கள் நால்வர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லை, மெதுவாக ஆடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஏழாவது கூடைக்குப் போகும்போது ஜோலீன் தனியாகக் காரை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அன்று மாலை ஜோலீன் நனைந்த செருப்போடு தன் வீட்டுக்கு வந்தது ஆர்டிஸுக்கு நினைவிருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தாள். வீட்டில் வெய்னோடு அதைப் பற்றிப் பேசும்போதும் அப்படியே சிரித்திருக்கிறாள். அதை அவர் சிரிப்பு என்றே நினைத்துக்கொண்டார். அதன் பிறகு அவள் ஒரு வியாழக்கிழமைகூட வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

"நான் நல்லதைக் குடுக்கணும்னுதான் நெனச்சேன்," என்றார் வெய்ன்.

"உனக்கு எது நல்லதோ அதைக் குடுத்த," என்றாள் ஆர்டிஸ். சொன்ன பிறகு, இவ்வளவு நேராகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்து மில் குளத்துப் பூங்கா. சமதளம், அகலமான புல்வெளி, தண்ணீர் தூரத்தில். வெய்னுக்கு நம்பிக்கை வந்திருந்தது. முதல் மேடையில் நின்று கையை நீட்டிக் காட்டினார். மரமில்லை, பள்ளமில்லை, கூடை இருநூற்றைம்பது அடியில். ஆர்டிஸ் கூடையைப் பார்க்கவில்லை. திரும்பிப் பின்னால் பார்த்தாள். முப்பதடியில் கார் நிறுத்துமிடம். அதை ஒட்டி உணவு மேசைகள். இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த பாஸ்டி சாப்பிட்டுக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"முதல் வீச்சை இத்தனை பேரும் பாப்பாங்களா?"

வெய்ன் திரும்பிப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அந்த மேடையில் நின்று அவர் பின்னால் பார்த்ததே இல்லை.

"யாரும் கவனிக்க மாட்டாங்க ஆர்டிஸ்."

"உன்னை கவனிக்க மாட்டாங்க. அக்கா பத்து வருஷம் பள்ளிக்கூடத்துல சமைச்சவ. இந்த ஊர்ல பாதிப் பேரு அவ கையால சாப்பிட்டவங்க. அந்தக் கை இப்ப எப்படி இருக்குன்னு பாப்பாங்க."

வெய்ன் போய் வண்டியில் ஏறினார்.

அவர் மனதில் வைத்திருந்த மூன்றாவது இடம் இருபது மைல் தள்ளி இருந்தது. அங்கே போகும் வழியில்தான், பெத்தானி சர்ச்சைத் தாண்டும்போது, கட்டடத்துக்குப் பின்னால் வெயிலில் ஏதோ மின்னுவதை ஆர்டிஸ் பார்த்தாள்.

"அது கூடைதானே?"

"அது மைதானம் இல்ல. தொட்டில்."

"என்னது?"

"எங்க ஆளுங்க அதைத் தொட்டில்னுதான் சொல்வாங்க. ஒன்பதே கூடை. எல்லாம் கைக்கெட்டற தூரம். குழந்தைங்க போட்டு விளையாடறது."

"வண்டியைத் திருப்பு," என்றாள் ஆர்டிஸ்.

முதல் மேடை சர்ச்சின் கருவிக் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கி இருந்தது. சாலையிலிருந்து யாரும் பார்க்க முடியாது. மேடையில் நின்றால் கூடை கண்ணெதிரே, எண்பது தப்படியில். குனிந்து தேட வேண்டிய புதர் இல்லை. ஒரு கூடை முடிந்தால் அடுத்த மேடை எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அம்புக்குறி போட்ட பலகை இருந்தது. ஒவ்வொரு மூன்றாவது கூடையும் வளைந்து கார் நிற்கும் இடத்தின் பக்கமே திரும்பி வந்தது. களைத்தால் தோற்றுப் போனதுபோல் நீள நடக்காமல் வீட்டுக்குப் போய்விடலாம். மூன்றாவதிலும் ஆறாவதிலும் பெஞ்சு. பின்னால் காத்து நிற்க ஆளே இல்லை.

ஆர்டிஸ் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது, வெய்ன் ஐந்தாவது கூடையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இது கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு பாரு," என்றார். "இங்க அடியில பாறை. ஒரு நாள் முழுக்கத் தோண்டியும் இறங்கல."

"நீயா தோண்டின?"

"ஒன்பது குழியும் நான்தான். பாதிரியார் லீக்ல உதவி கேட்டார். வந்து தோண்டி, சிமென்ட் போட்டு நிறுத்திட்டுப் போனேன். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் வரேன்."

எந்த வருடம் என்று ஆர்டிஸ் கேட்கவில்லை.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனார்கள். ஜோலீன் ஊன்றுகோலோடு காரிலிருந்து இறங்கி, கொட்டகைக்குப் பின்னால் வந்து, சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். வெய்ன் ஒரே ஒரு தட்டைக் கொடுத்தார். தடித்த விளிம்பு, மெதுவாகப் போகும், கைவிட்ட திசையிலேயே போகும். முதலில் ஆர்டிஸ் வீசினாள். வேண்டுமென்று செய்யவில்லை, அவளுக்கு வந்தது அவ்வளவுதான். தட்டு பக்கவாட்டில் போய் சர்ச்சின் எரிவாயுத் தொட்டியில் மணியடித்ததுபோல் மோதி விழுந்தது.

"ஆண்டவரையே எழுப்பிட்டியேடி," என்றாள் ஜோலீன். "நகரு. ஒத்தக் கையால உன்னைவிட நல்லா வீசறேன்."

இடது கையால் வீசினாள். பத்துத் தப்படி போனது. அடுத்தது இருபது. வெய்ன் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்து, இரண்டு முறையும் மூடிக்கொண்டார். முதல் கூடைக்கு ஜோலீனுக்கு எட்டு வீச்சு ஆனது. அதை யாரும் எண்ணிச் சொல்லவில்லை. மூன்றாவது கூடையில் ஐந்தடி தூரத்திலிருந்து போட்ட தட்டு சங்கிலியில் பட்டுச் சலசலத்து உள்ளே விழுந்தது. ஜோலீன் அதை வெளியே எடுத்தாள், மறுபடி ஐந்தடி பின்னால் போய் நின்று போட்டாள். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்பதற்காகத்தான்.

காருக்குப் போகலாமா என்று வெய்ன் கேட்டார். இன்னும் மூன்று ஆடலாம் என்றாள்.

ஆறாவது கூடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புல்லில் வெயில் விழுந்திருந்தது. ஜோலீன் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். அதன் பின்னால் வெய்னின் கையெழுத்தில் அவள் பெயரும் போன் எண்ணும் புதிதாக எழுதியிருந்தன. கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"இது எப்பலேருந்து இங்க இருக்கு?"

வெய்ன் பொய் சொல்லத் தெரியாதவர். "பன்னெண்டு வருஷமா," என்றார்.

"அப்ப அன்னிக்கும் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"நம்ம வீட்டுலேருந்து நாலு நிமிஷம்." ஜோலீனின் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்ப்பவள் போலவும் இல்லை. "அன்னிக்கு ஏன் என்னை இங்க கூட்டிட்டு வரல, வெய்ன்?"

வெய்ன் ஐந்தாவது கூடையின் பக்கம் ஒரு முறை பார்த்தார். சர்ச்சுக்குள் யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ஜோலீன் சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து, "நடங்க. இன்னும் மூணு இருக்கு," என்றாள்.

ஒன்பதையும் ஆடினாள். அந்தக் கோடையில் செவ்வாய்க்கிழமைதோறும் ஆர்டிஸோடு அங்கே போகத் தொடங்கினாள். சில வாரங்களில் ஆர்டிஸை எளிதாகத் தோற்கடித்தாள். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. வெய்ன் இப்போதும் தபால் கொண்டுபோகிறார், வியாழக்கிழமை ஆக்ஸ் ஹாலோவுக்குப் போகிறார். ஆனால் புதிதாக ஆட வந்து, எங்கே தொடங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு அவர் ஆக்ஸ் ஹாலோவைச் சொல்வதில்லை. அவர் காதுபட யாராவது தொட்டில் என்றால், அதன் பெயர் பெத்தானி என்று மெதுவாகத் திருத்துகிறார். ஒரு சனிக்கிழமை ஆர்டிஸ் அந்தப் பக்கம் போனபோது, அவர் ஐந்தாவது கம்பத்தின் அடியில் மண்டியிட்டுப் பாறையை உளியால் உடைத்துக்கொண்டிருந்தார். அவள் வண்டியை நிறுத்தவில்லை.

அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கடைசியில் வந்து நிற்பது கார் நிறுத்துமிடம்தான். ஜோலீன் முன்சீட்டில் உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டிருந்தாள். தட்டு அவள் மடியில் இருந்தது. வெய்ன் காரைச் சுற்றி ஓட்டுநர் பக்கம் போகாமல் ஆர்டிஸிடம் வந்தார். அக்காவுக்குக் கேட்காத குரலில், தபால் உறை ஒன்றில் முகவரி தெளிவாக இல்லை என்று சொல்வதுபோல் சொன்னார்:

"அவ கேட்டாளே, அதுக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்னு எனக்குத் தெரியல ஆர்டிஸ். உனக்கு எப்பவாவது தெரிஞ்சா, வந்து என்கிட்ட சொல்லு."