மரமனிதன் தலையாட்டிய மத்தியானம்

முதுகில் இறக்கை இருந்தால் ஓட்டோவில் சாய்ந்து இருக்க முடியாது என்பது ஐம்பது வயதை எட்டும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. வல்வெட்டித்துறையிலிருந்து பருத்தித்துறை மண்டபம் வரைக்கும் முன்கம்பியைப் பிடித்தபடி சீற்றின் விளிம்பில் குந்தியிருந்தேன். கம்பியும் வலைத்துணியும் வைத்து என் மகள் நிலா செய்த இறக்கை அது. ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பொறுக்கமாட்டாமல், நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் கன நாள் கிடக்கே அன்ரி, எங்கே நாடகம் என்று கேட்டான். நாடகம் இல்லை, நடன விருந்து, எல்லாரும் வனதேவதைகளாக வருவார்கள் என்றேன். கண்ணாடியில் இன்னொருமுறை பார்த்துவிட்டு, உங்கடை நாட்டிலை குளிர் கூடவோ என்றான். மூளை கலங்கிவிட்டது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

நிலாவுக்கு டென்மார்க்கில் இதுதான் தொழில். மேடை இல்லாத நாடகம். வேடம் போட்டு வரும் விருந்தினர்தான் பாத்திரங்கள், அவர்கள் செய்வதும் சொல்வதும்தான் கதை. முதல்முறை நான் போனபோது தவளை முகமூடி போட்ட ஒரு வெள்ளைக்காரர் குனிந்து வணங்கி, எந்த இராச்சியத்திலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இலங்கை என்றேன். வந்த ஆண்டு, விசா கிடைத்த ஆண்டு, குடியுரிமை எடுத்த ஆண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்து, கடவுச்சீட்டை எடுக்கக் கைப்பைக்குள் கையையும் விட்டுவிட்டேன். தவளை மிரண்டுபோய் இரண்டு அடி பின்வாங்கியது. பனிக்காட்டு ராணி என்று சொல்லியிருக்கலாமே அம்மா என்று நிலா தலையில் கைவைத்தாள். விளையாட்டுக்குப் பொய் சொல்ல அவர்களுக்கு வருகிறது. எனக்கு, யாராவது எதிரே வந்து நின்று கேள்வி கேட்டால், உண்மைதான் வருகிறது.

இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது என் அண்ணையின் மகள் துளசிக்கு இருபத்தோராவது பிறந்தநாள். மச்சாளுக்குப் பரிசாக அப்படியொரு விருந்து வைக்கிறேன் என்று நிலா பிடிவாதமாக நின்றாள். பெட்டைகளுக்குச் சந்தோசம். எனக்கு ஒரே கவலை, அண்ணை வருவாரா என்பதுதான். அவர் கூட்டத்துக்குள் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. கலியாண வீடு என்றால் முதல்நாளே போய்ப் பரிசைக் கொடுத்துவிட்டு வருவார். கோயில் கொடியேற்றம் என்றால் வெளிவீதியோடு சரி. இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதில், “வாறன் பிள்ளையள், ஆனா கன நேரம் நிக்கமாட்டன்” என்றார். வேட்டி சட்டையோடு, தலையில் மாவிலைக் கிரீடம் வைத்து, சொன்னபடி வந்தும் விட்டார். கேக் வெட்டும் வரைக்குமாவது இந்த மனிசன் நிற்கவேண்டும் என்று சந்நிதி முருகனுக்கு நேர்ந்துகொண்டேன்.

கதை சின்னக் கதை. தேவதை ராணியின் மணிமுடி களவு போய்விடுகிறது. கள்வன் யார் என்று மரமனிதனுக்கு மட்டும் தெரியும். அவன் பேசமாட்டான், வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வந்து, கள்வனுக்கு முன்னால் நின்று தலையாட்டுவான். டேனிஷில் நிலா எழுதியதைத் தமிழாக்கியது நான்தான், ஊர் வீட்டுச் சமையலறை மேசையில், தேத்தண்ணீர் குடித்தபடி. டேனிஷில் வாசித்தபோது அது தேவதைக் கதையாகவே இருந்தது. தமிழில் எழுதியபோதுகூட எனக்குப் பொறி தட்டவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

மத்தியான வெயில் வராமல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். பாட்டை நிறுத்தி, எல்லாரும் வரிசையில் நில்லுங்கள் என்று நிலா அறிவித்தாள். இளசுகள் சிரித்து இடிபட்டன. நாற்பது தாண்டியவர்களோ ஒருவரும் சொல்லாமலே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து நிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பக்கத்துக் கதவு திறந்து மரமனிதன் வந்தான். தலையை மூடி ஒரு சாக்கு, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. மரப்பட்டை மாதிரி இருக்கிறது என்று நிலா சந்தையில் ஆசையாக வாங்கிய சாக்கு. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் “தலையாட்டி” என்று மெல்லச் சொன்னாள்.

எனக்குப் பதினான்கு வயதில் ஒரு சுற்றிவளைப்பு. ஆமிக்காரர் ஊர் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தினார்கள். போராளிகளைக் காட்டிக்கொடுக்க, இதேமாதிரி சாக்குப் போட்ட ஒருவன் ஆண்களின் வரிசையில் நடந்து வந்து, அண்ணைக்கு முன்னால் நின்று தலையாட்டினான். அண்ணைக்குப் பத்தொன்பது வயது. கடலையும் கால்பந்தையும் தவிர வேறொன்றும் தெரியாது. இவனைத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். தெரியும் என்றவர்களையும் பிடிபட்டவனோடு சேர்த்து அதே ட்ரக்கில் ஏற்றுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். அம்மா என் கையை நகம் பதிய அமத்தினா. நான் நிலத்தைப் பார்த்தேன். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்த அண்ணை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மண்டபத்திலும் மரமனிதன் அண்ணைக்கு முன்னால்தான் நின்றான். மாமாவுக்கு முக்கியமான பாத்திரம் கொடுக்கவேண்டும் என்று நிலா பாசத்தோடு செய்த ஏற்பாடு. சாக்குத் தலை மேலும் கீழும் ஆடியது. பெட்டைகள் கைதட்டினார்கள். அண்ணை கைமணிக்கூட்டைக் கழற்றினார். நேரே பெண்களின் வரிசைக்கு வந்து அதை என் கையில் வைத்து, “அம்மாட்டைக் குடு” என்றார். அம்மா செத்துப் பதினொரு வருடம். பிறகு, ஒருவரும் தொடாமலே, மரமனிதனுக்கு முன்னால் நடந்து அந்தப் பக்கத்து அறைக்குள் போனார்.

நிலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உற்சாகமாக அடுத்த வரியை வாசித்தாள்: இவரைத் தெரியும் என்று யாராவது முன்வந்து சொன்னால் மரமனிதன் விட்டுவிடுவான். என் கையெழுத்தில் இருந்த வரி. வரிசை அசையவில்லை. கைதட்டல் தானாக அடங்கியது. துளசி தாயின் முகத்தைப் பார்த்தாள், தாய் நிலத்தைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் அம்மா என்பதுபோல நிலா என்னைப் பார்த்தாள். டேனிஷ் கடவுச்சீட்டு வைத்திருக்கும், அடுத்த வாரம் விமானம் ஏறப்போகும் பெண்ணுக்கு, பிறந்தநாள் விருந்தில் மூன்று அடி வைக்கப் பயமாக இருந்தது. வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

“இவரைத் தெரியும். இவர் என்ரை அண்ணை.”

எனக்குப் பின்னால், ஆண்களின் வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல் “எனக்கும் தெரியும்” என்றது. பிறகு இன்னொன்று.

கதவைத் தள்ளினேன். மரமனிதன் சாக்கைக் கழற்றிவிட்டு, வேர்த்த முகத்தோடு, துளசியின் வகுப்புத் தோழனாக மூலையில் திகைத்து நின்றான். அண்ணை கதிரை இருந்தும் நிலத்தில் குந்தி, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோர்த்திருந்தார். நிமிரவில்லை. “முடிஞ்சுதோ பிள்ளை?” என்று கேட்டார். அதே நேரம் என் முதுகுப்பக்கம் வந்து நின்ற நிலா, என்ன நடக்குது அம்மா என்று டேனிஷில் கேட்டாள். நிலைக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றேன். “முடிஞ்சுது அண்ணை” என்று உள்ளே சொன்னேன். பிறகு வெளியே திரும்பி, எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது என்று டேனிஷில் தொடங்கினேன்.