டைகருக்கு நட்ட கல்லு

எங்க நாய் டைகர் இன்னைக்குக் காலையில செத்துப்போச்சு. பதினோரு வருசம் எங்களோட இருந்த புள்ள.

நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால, தேயிலைக்குள்ள புதைச்சோம். தோட்டத்து நிலம். கேட்காமத் தோண்டுனது தெரிஞ்சா அப்பாவுக்கு வேலை போயிரும்.

அம்மா மனசு கேட்காம ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பூ வச்சாங்க.

அந்த நேரம் பார்த்து, தேயிலை மலையைப் பார்க்க வந்த, எங்க வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பின்னால நிக்கிறாரு. "என்ன இது?"

நான் முந்திக்கிட்டு, "சாமிங்கய்யா. கொழுந்து எடுக்கப் போறப்ப கும்பிடுறது"ன்னு சொல்லிட்டேன்.

அவரு சப்பாத்தைக் கழட்டிட்டுக் கும்பிட்டாரு. "வெள்ளிக்கிழமை பூசை போடுங்க, நானும் வர்றேன்."

அன்னைக்கு அவரு சாமி பேரு கேட்டா டைகர்னா சொல்றது? யாராவது ஒரு நல்ல பேராச் சொல்லுங்க.